எண்பத்தோராவது இடம்

மதுரை மாநகரத்தாருக்கும், வாடிப்பட்டிச் சாலையின் இரு பக்கமும் வசிக்கும் பெருங்குடி மக்களுக்கும், வைகையில் தண்ணீர் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கும் விவசாயிகளுக்கும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஒரு செய்தி: வருகிற தை மாதம், நல்லதொரு முகூர்த்தத்தில், ஒரு பாய்லர் தன் முதலாளியின் பெயரைத் தானே எழுதிக் காட்டப் போகிறது. மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது எதற்காக என்ற நெடுநாள் ஐயம் அன்று தீர்ந்துவிடும். அனைவரும் வருக.

ரோஸ் நிறத்தில் அச்சடித்து ஒட்டிய நோட்டீசில் வார்த்தைகள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்திருக்கலாம். பொருள் இதுதான். நோட்டீசில் பாதியை முதலாளியின் பட்டங்களே பிடித்துக்கொண்டன. ஆலைச் செம்மல், தர்மசீலர், நெசவாளர் நண்பர் பசுபதி. அவருடைய ஆலையில் நெசவே கிடையாது. துணிக்குச் சாயம் போடுவது மட்டும்தான். ஆனாலும் நண்பர். ஊரில் அவரைச் சேர்மன் என்பார்கள். எந்தக் காகிதத்தையும் அவர் தானே வாசிப்பதில்லை. பக்கத்தில் நிற்பவர் வாசிக்க, கண்ணை மூடிக் கேட்பார். வாசிக்க ஆள் வைத்திருப்பது பெரிய மனிதர் லட்சணம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

இது எண்பத்தெட்டாம் வருஷத்துத் தை. பாய்லரைக் கவனிக்கப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியை உட்கார வைத்திருந்தார்கள். அதைக் கட்டிக் காப்பவன் மைக்கேல்ராஜ். திருநகரில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியாரின் மகன், எலக்ட்ரானிக்ஸ் படித்தவன், ஆலையில் இன்னும் தற்காலிகம். விழா மேடையில் சேர்மன் கையால் நிரந்தர ஆர்டர் கொடுக்கப்படும் என்று மேனேஜர் ஹாலாஸ்யம் அவனிடம் சொல்லியிருந்தார். சொன்னது ஒரு முறை, நினைவூட்டியது பல முறை.

பாய்லர் என்பது தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவி எடுக்கும் இரும்பு உருளை. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அது பரம சாது. தண்ணீர் வற்றி இரும்பு பழுத்த பிறகு யாராவது பதறிப்போய்ப் பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டால் வெடிகுண்டு. எனவே ஒருவன் பக்கத்திலேயே இருந்து, தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைப் பார்த்துக்கொண்டே, குறையக் குறையத் தண்ணீர் விட வேண்டும். ஆலையில் இரண்டு பேர் இருந்தார்கள், சோணைமுத்துவும் மொக்கையனும். பெட்டி வந்ததும் மொக்கையனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெட்டி பீடி குடிக்காது, சங்கத்தில் சேராது, அழகர் ஆற்றில் இறங்குவதற்கு லீவு கேட்காது. அதன் உருப்படியான வேலை ஒன்றே ஒன்று. தண்ணீர் நூற்றுக்கு முப்பது பங்குக்குக் கீழே இறங்கினால் மணி அடிக்கும்.

அது போக, சிவப்பு விளக்கெழுத்துகளை ஒரு பலகையில் ஓடவிடும். பெட்டிக்கு இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் தெரியும். முதலில் தண்ணீரும் ஆவியழுத்தமும் ஓடின. பிறகு, இன்னார் ஆலை என்று போட்டால் என்ன என்று ஹாலாஸ்யம் கேட்டார். பிறகு இன்னாரின் நல்லாசியுடன் என்று போடச் சொன்னார். பிறகு பட்டங்கள் ஒவ்வொன்றாக வந்து ஏறின. இடம் பற்றாமல் தண்ணீர் என்ற சொல் ஒற்றை எழுத்தாகச் சுருங்கியது. அழுத்தமும் ஒற்றை எழுத்து. தண்ணீர் எவ்வளவு என்று பார்க்க வேண்டியவன், சேர்மன் முழுதாக ஊர்ந்து போய் முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

பெங்களூர்க்காரர்கள் செய்து கொடுத்த அந்தப் பெட்டியின் மெமரியில் எழுத்து வரிசைக்கென்று ஒதுக்கியிருந்தது எண்பது இடம். ஓர் எழுத்துக்கு ஓர் இடம், நடுவில் விடும் இடைவெளிக்கும் ஓர் இடம். வரிசை எங்கே முடிகிறது என்று இயந்திரத்துக்குத் தெரிய வேண்டுமே, அதற்காகக் கடைசியில் ஒரு சுழியம் வந்து உட்காரும். அது பலகையில் தெரியாது. ஆனால் அதற்கும் ஓர் இடம் வேண்டும். எண்பதில் இடம் இல்லையென்றால் அது கூசாமல் எண்பத்தோராவது இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். அங்கே ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கிறார். அதுதான் முப்பது. எந்த அளவுக்குக் கீழே போனால் மணி அடிக்க வேண்டும் என்ற எண். முப்பது இருந்த இடத்தில் சுழியம் உட்கார்ந்தால், தண்ணீர் சுழியத்துக்கும் கீழே போனால்தான் மணி அடிக்கும். அப்படி எந்தத் தண்ணீரும் போனதில்லை.

எந்த இடத்தில் எது இருக்க வேண்டும் என்பது பெங்களூர்க்காரர்களின் ஏற்பாடு. அதை மாற்ற மதுரையில் ஆள் இல்லை. எழுதிப் போட்டால் பதில் வரச் சித்திரை ஆகிவிடும். எழுத்துகளைக் கோக்கும் சிப்பு ஒன்றுதான் மைக்கேல்ராஜின் பொறுப்பு. அதில் அவன் ஒரு காவல் போட்டிருந்தான். வரிசை எவ்வளவு நீளமாக வந்தாலும் எழுபத்தொன்பதோடு நிறுத்தி, எண்பதில் சுழியத்தை உட்கார வைத்துவிடும். மிச்சம் யார் பெயராக இருந்தாலும் வெட்டுத்தான்.

இந்த நிலையில்தான் சேர்மன் டாக்டர் ஆனார். பூகோளப் படத்தில் தேடியும் கிடைக்காத ஒரு தீவின் பல்கலைக்கழகம், மனித குலத்துக்கு அவர் ஆற்றிய தொண்டைப் பாராட்டிப் பட்டத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பியது. ஹாலாஸ்யம் அதை உரக்க வாசிக்க, சேர்மன் கண்ணை மூடிக் கேட்டார். டாக்டர் என்பதற்கு இங்கிலீஷில் இரண்டு எழுத்து, ஒரு புள்ளி, பிறகு மரியாதையாக ஓர் இடைவெளி. விழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில் ஓட்டிப் பார்த்தார்கள். பட்டங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து போயின. கடைசியில் பசுபதி வந்தார், கடைசி எழுத்து இல்லாமல்.

ஹாலாஸ்யத்தின் முகம் போன போக்கைப் பார்த்து, யாரோ செத்துப்போன தந்தி வந்திருக்கிறது என்று பியூன் நினைத்தான்.

"உசுரோட இருக்கிற மனுஷர் பேரை வெட்டலாமா மைக்கேல்? அதுவும் மங்கல காரியத்துல?"

மைக்கேல்ராஜ் காவலைப் பற்றிச் சொன்னான். ஹாலாஸ்யம் பென்சிலை எடுத்து எழுத்துகளை எண்ணினார். பிறகு விரல்விட்டு இன்னொரு முறை. எண்ணி முடித்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது.

"எண்பது எழுத்து. எண்பது இடம். கச்சிதமா இருக்கே. அப்புறம் என்ன?"

"கடைசியில ஒரு சுழியம் வரணும் சார்."

"சுழியம்னா?"

"ஒண்ணுமில்ல சார்."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு ஓய் இடம்?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று எலக்ட்ரானிக்ஸ் படிப்பில் சொல்லித் தரவில்லை. மைக்கேல்ராஜ் பஸ்ஸை உதாரணம் காட்டினான். எண்பது சீட் இருக்கிறது, எண்பது பேர் ஏறிவிட்டார்கள், கண்டக்டர் எங்கே உட்காருவார் என்று கேட்டான். கண்டக்டர் நிற்கட்டும் என்றார் ஹாலாஸ்யம். நின்றால் அவர் நிற்கிற இடம் மணியின் இடம், மணி அடிக்காது, தண்ணீர் வற்றினாலும் அடிக்காது, சோணைமுத்துவின் உயிருக்கே ஆபத்து என்று அவன் நேராகவே சொல்லிப் பார்த்தான். நெசவாளர் நண்பரை மட்டும் ஒரு நாளைக்கு எடுத்துவிடலாமா என்று கெஞ்சிப் பார்த்தான். ஹாலாஸ்யம் காதைப் பொத்திக்கொண்டார். வெட்டுகிற வேலையெல்லாம் வேண்டாம், அந்தக் காவலை எடுத்துவிட்டு எழுதிக்கொண்டு வரும் என்றார். கதவு வரைக்கும் போனவனைத் திரும்பக் கூப்பிட்டார்.

"ஆர்டர் டைப் ஆகி மேசையில இருக்கு. முதலாளி கையால வாங்கிக்கணுமா, வேண்டாமா?"

மைக்கேல்ராஜ் வாங்கிக்கொள்ள விரும்பினான். உலகத்தில் நடக்கும் பெரும்பாலான காரியங்களுக்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இருப்பதில்லை. ஒரே ஒரு நாள்தானே என்று அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான். மறுநாள், காவல் இல்லாத வரிசையை வேறொரு சிப்பில் ஏற்றினான். பழைய சிப்பைச் சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். விழா முடிந்த மறு நிமிஷம் மாற்றிவிடலாம். புதிய சிப்பைப் பொருத்தி ஓட்டியபோது பசுபதி குறைவில்லாமல் வந்தார். எண்பது எழுத்தும் துலக்கமாக ஓடின. எண்பத்தோராவது இடத்தில் நடந்தது எந்தப் பலகையிலும் தெரியவில்லை.

மனச்சாட்சி என்று ஒன்று இருந்ததால் பாய்லர் கொட்டகைக்குப் போனான். சோணைமுத்து கரி தள்ளிக்கொண்டிருந்தான். மைக்கேல்ராஜைவிட மூத்தவன், ஆனாலும் சார் என்றுதான் கூப்பிடுவான். இவன் அவனை அண்ணே என்பான்.

"நாளைக்கு ஒரு நாள் மணியை நம்பாதீங்கண்ணே. கண்ணாடியப் பாத்துக்கிருங்க. எங்குட்டும் போயிராதீங்க."

"என்ன சார், பெட்டிக்கு நாளைக்கு லீவா?" என்று சோணைமுத்து சிரித்தான். "மொக்கையனுக்குப் பதிலா வந்ததுல்ல, அதான் அவன் புத்தி ஒட்டிக்கிருச்சு. நீங்க போங்க சார். நம்மளைப் பந்தலுக்கு எவன் கூப்புடப் போறான்?"

கூப்பிட்டார்கள்.

விழா பத்தரைக்கு என்று போட்டிருந்தது, பன்னிரண்டுக்குத் தொடங்கியது. பாய்லர் காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்தது. பலகையில் உண்மையான எண்கள் ஓட வேண்டும் என்பது ஹாலாஸ்யத்தின் ஆசை. பலகையைக் கொட்டகையிலிருந்து ஒயர் இழுத்து மேடைக்குக் கொண்டு வந்திருந்தார்கள். சேர்மன் பொத்தானை அமுக்கினார். எழுத்துகள் ஓடின. கைதட்டல். சேர்மன் பலகையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்ததாகச் சொல்லி, வரவேற்பு மடலை ஹாலாஸ்யத்திடமே கொடுத்தார். பிறகு பேச்சுகள். ஒவ்வொரு பேச்சாளரும் சேர்மனின் பட்டங்களை முதலிலிருந்து தொடங்கினார். பாதியில் ஒன்றை விட்டுவிட்டவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தார்.

மைக்கேல்ராஜுக்கு மேடையோரத்தில் ஒரு மடக்கு நாற்காலி. அவன் பேச்சைக் கேட்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் ஐம்பத்தெட்டு. நல்லாசி, ஆலைச் செம்மல், தர்மசீலர், நண்பர், டாக்டர், பசுபதி. தண்ணீர் ஐம்பத்தாறு. ஆள் இருக்கிறான், பார்த்துக்கொள்வான் என்று தோன்றியது.

அடுத்தது மாலை. சாதாரண மாலை இல்லை. சேர்மனின் எடைக்கு இணையான ரோஜா மாலை என்று மைக்கில் சொன்னார்கள். அதைத் தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது. மூன்று பேர்தான் அகப்பட்டார்கள். நாலாவது ஆளுக்கு ஹாலாஸ்யம் எங்கே ஆள் அனுப்பினார் என்பது, மாலை மேடை ஏறியபோதுதான் மைக்கேல்ராஜுக்குத் தெரிந்தது. மாலையின் பின்பக்கத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு, கரி அப்பிய காக்கிச் சட்டையோடு, சோணைமுத்து ஏறி வந்தான். மைக்கேல்ராஜைப் பார்த்ததும் கண்ணாலேயே ஏதோ சொன்னான். கூப்பிட்டுவிட்டார்கள், என்ன செய்ய என்பது போல.

போட்டோக்காரருக்கு மாலை சரியாக விழவில்லை. தூக்கச் சொன்னார், இறக்கச் சொன்னார், சேர்மன் முகம் மறைகிறது என்றார். நாலு பேரும் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள். தண்ணீர் நாற்பத்தொன்று. பட்டங்கள் ஊர்ந்தன. தண்ணீர் முப்பத்து மூன்று. பட்டங்கள் மறுபடியும் ஊர்ந்தன. இவ்வளவு மெதுவாக எழுத்தை ஓடவிட்டது எந்த மடையன் என்று நினைத்தான். அவன்தான், பெயர் நின்று நிதானமாகப் போகட்டும் என்று கேட்டிருந்தார்கள். தண்ணீர் இருபத்தாறு.

மணி அடிக்கவில்லை.

அவன் எழுந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹாலாஸ்யம், பார்வையைச் சேர்மனிடமிருந்து எடுக்காமலே அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காரும். அடுத்தது உம்ம ஆர்டர்."

"பாய்லர்ல ஆள் இல்ல சார்."

"பெட்டி இருக்கோல்லியோ?"

அவன் உட்கார்ந்தான். இதைத்தான் அவனால் பிற்பாடு ஒரே ஒருவரைத் தவிர யாரிடமும் சொல்ல முடியவில்லை. இரண்டு முறை முழுப் பெயரும் ஊர்ந்து போகிற நேரம் அவன் உட்கார்ந்திருந்தான். போட்டோக்காரருக்கு ஒரு வழியாகத் திருப்தி ஏற்பட்டது, மாலை விழுந்தது, சோணைமுத்து இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேகமாக நடந்தான். தண்ணீர் ஒன்பது. மைக்கேல்ராஜ் சட்டையைப் பிடுங்கிக்கொண்டு குதித்து ஓடினான்.

கொட்டகை கிடங்குக்கு அந்தப் பக்கம். ஓடிக்கொண்டே, தண்ணீரைத் திறக்காதீர்கள், நெருப்பை அடுப்பிலிருந்து வெளியே இழுங்கள் என்று கத்தினான். அவன் குரலுக்கு மேலே மைக்கில் ஒருவர் தர்மசீலர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சோணைமுத்து கதவுக்குள் நுழைந்தது தெரிந்தது. கண்ணாடிக் குழாய் வெறுமையாக இருந்திருக்கும். நிதானம் உள்ளபோது நெருப்பைத்தான் முதலில் இழுப்பான். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். பதறிப்போய் ஓடி வந்தவனின் கை தண்ணீர்த் திருகைத் திருகிவிட்டது. மணி இன்னும் அடிக்கவில்லை, ரொம்ப ஒன்றும் ஆகியிருக்காது என்று நினைத்தானோ என்னவோ. என்ன நினைத்தான் என்று சொல்ல அவன் இல்லை.

கொட்டகையின் தகரக் கூரை எழும்பி வேப்பமரத்துக்கு அப்பால் போய் விழுந்தது. பந்தலில் எல்லாரும் கைதட்டினார்கள். வாணவேடிக்கை என்று நினைத்தார்கள்.

மைக்கேல்ராஜ் கிடங்குச் சுவரோரம் விழுந்ததால் முழங்கை எலும்பு முறிந்ததோடு போயிற்று. சோணைமுத்துவைச் சாயத் துணியில் கட்டித்தான் கொண்டு வர முடிந்தது.

தத்தனேரிச் சுடுகாட்டில் கூட்டத்தோடு நின்றபோது, கட்டுப் போட்ட கையோடு, அவனுக்கு ஒன்று தோன்றியது. டாக்டர் என்பதற்கும் பெயருக்கும் நடுவில் ஓர் இடைவெளி. அதை எடுத்திருந்தால் போதும். எந்தப் பட்டமும் குறைந்திருக்காது, எந்த எழுத்தும் வெட்டுப்பட்டிருக்காது, காவலும் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும். புள்ளியும் பெயரும் கொஞ்சம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றிருக்கும், அவ்வளவுதான். எந்தப் பட்டத்தை எடுப்பது என்று வாதாடிக்கொண்டிருந்ததில் இது புத்தியில் படவில்லை. இப்போது பட்டது. சிதையில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டு வாசலில் சோணைமுத்துவின் மனைவி மாயக்காள் அவனை அடையாளம் கண்டுகொண்டாள். அழுது தீர்ந்த குரல்.

"மணி அடிக்கும், அடிக்கும்னு பீத்திக்கிருவாரே சார். அடிக்கலையா?"

"அடிக்கலக்கா."

"ஏன்?"

அவன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். சிப்பு வெள்ளித்தாளுக்குள் பத்திரமாக இருந்தது. படியிறங்கித் தெருவுக்கு வந்துவிட்டான்.

விசாரணைக்கு வந்த அதிகாரிகள் ஆலை விருந்தினர் அறையில் சாப்பிட்டுவிட்டு, பணியாளர் பணியிடத்தை விட்டு அகன்றதே விபத்துக்குக் காரணம் என்று எழுதினார்கள். அகன்று எங்கே போனான் என்று யாரும் கேட்கவில்லை. மாலையோடு எடுத்த போட்டோவில் அவன் தலை மட்டும் பூவுக்குப் பின்னால் மறைந்திருந்தது. பெட்டி பழுதில்லாமல் இயங்கியதற்குச் சாட்சி என்று, முழுப் பெயரும் ஓடியதை ஹாலாஸ்யம் சொன்னார். மைக்கேல்ராஜின் நிரந்தர ஆர்டர் ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்ந்தது. துக்கம் என்பதால் மேடை இல்லை.

ஆர்டரை மடித்து வைத்துக்கொண்டு அவன் சேர்மன் பங்களாவுக்குப் போனான். வேலை போகட்டும், ஜெயிலுக்கே போனாலும் போகட்டும், நடந்ததை யாராவது ஒருவர் காதில் போட்டுவிட வேண்டும். அதுவும் அந்தப் பெயருக்கு உரியவரிடமே. சேர்மன் தனியாக இருந்தார். ஹாலாஸ்யம் மதுரைக்குள் போயிருந்தார். வாசிக்க ஆள் இல்லாததால் அன்றைய தபால் பிரிக்காமல் மேசையில் கிடந்தது.

மைக்கேல்ராஜ் எல்லாவற்றையும் சொன்னான். எண்பது இடம், சுழியம், காவல், வெட்டுப்பட்ட கடைசி எழுத்து, சட்டையைப் பிடித்து இழுத்தது, தான் உட்கார்ந்தது. சேர்மன் வழக்கம்போலக் கண்ணை மூடிக் கேட்டார். முகம் மெல்ல வெளிறியது.

"எம் பேருல ஒரு எழுத்துக் கொறஞ்சிருந்தா அவன் பொழச்சிருப்பானா?"

"ஆமாங்கய்யா."

"நான் பாத்தா சங்கடப்படுவேன்னுதான் ஹாலாஸ்யம் அந்தக் காவலை எடுக்கச் சொன்னாரா?"

"ஆமாங்கய்யா."

சேர்மன் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். எப்படி வெட்டுப்பட்டது, காட்டு என்றார். மைக்கேல்ராஜ் தபால் உறை ஒன்றின் பின்புறத்தில், பலகையில் ஓடியபடியே இங்கிலீஷில், மேலே முழுப் பெயரையும் கீழே கடைசி எழுத்து இல்லாத பெயரையும் எழுதி அவர் முன்னால் வைத்தான். சேர்மன் குனிந்து பார்த்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். விரலை வைத்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடி அன்று அவர் மூக்கில்தான் இருந்தது.

"ரெண்டும் ஒண்ணாத்தானப்பா இருக்கு" என்றார்.

சேர்மனுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது.